ஃபிஸ்ட் நிதியில் கருவி வாங்குவது: திட்டம் எப்படி, எங்கே சறுக்கும்

மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை ஒன்றுக்கு, பொருளின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் டிஃப்ராக்டோமீட்டர் (எக்ஸ்.ஆர்.டி.) வேண்டும். எங்கே போய்க் கேட்பது? பேராசிரியர்கள் தங்கள் பெயரில் வாங்கும் புராஜெக்ட்டுகளில் சின்னக் கருவிகளுக்கு இடமுண்டு; கோடியைத் தொடும் கருவிக்கு இல்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த வருமானம் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே பற்றுவதில்லை. சுற்றிச் சுற்றி எல்லோரும் வந்து நிற்பது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின், அதாவது டி.எஸ்.டி.யின், ஃபிஸ்ட் (அறிவியல் தொழில்நுட்ப உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி) திட்டத்தில்தான். 2000-01-ல் தொடங்கிய திட்டம். தனி ஆளுக்கு இல்லாமல் துறைக்கென்று தரப்படும் பணம். முதுகலைக் கல்லூரிகளும் கேட்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தகுதியுள்ள ஒவ்வொரு துறையும் விண்ணப்பிக்க வேண்டிய திட்டம் இது. ஆனால் ஃபிஸ்ட் கருவியை வாங்கித் தரும், ஓட்டித் தராது. வாரண்டி முடிந்த மறு வருடமும் அந்தக் கருவியில் மாணவரின் சாம்பிள் ஓடுகிறதா என்ற ஒரே அளவுகோலை வைத்துத்தான் இங்கே எல்லாவற்றையும் பார்க்கிறோம். நம் பல்கலைக்கழகங்களில் தூசு மூடிக் கிடக்கும் கருவிகளில் பெரும்பாலானவை தரமில்லாததால் கிடக்கவில்லை. விண்ணப்பம் எழுதிய நாளில் கேட்டிருக்க வேண்டிய சில கேள்விகளைக் கேட்காமல் விட்டதால் கிடக்கின்றன.

எதற்குத் தரும், எதற்குத் தராது

ஐந்து வருடத் திட்டம். கருவி, ஆய்வகச் சீரமைப்பு, கணினி மற்றும் நெட்வொர்க், பராமரிப்பு என்று தலைப்புவாரியாகப் பணம் ஒதுக்குவார்கள். ஒரே தவணையில் வராது. கொடுத்ததற்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்த தவணை. புதுக் கட்டடம் கட்ட முடியாது. கருவியை இயக்க ஆள் போட்டுச் சம்பளம் தர முடியாது. இந்த இரண்டாவது குறைதான் திட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை. அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறோம்.

2020-க்குப் பிறகு திட்டத்தின் திசை மாறியிருக்கிறது. வாங்கும் கருவியை வெளியாருக்கும், குறிப்பாகப் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் சிறுதொழில்களுக்கும் ஸ்டார்ட்-அப்களுக்கும், திறந்துவிட வேண்டும் என்பதில் இப்போது அழுத்தம் அதிகம். ஐ-ஸ்டெம் தளத்தில் கருவியைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். அந்தத் தளம் 2020 ஜனவரி 3-ம் தேதி பெங்களூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் தொடங்கப்பட்டது. நாடு முழுக்கப் பொதுப் பணத்தில் வாங்கிய கருவிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்க்கலாம், நேரம் பதிவு செய்யலாம். இந்த மாற்றத்தை முழு மனதோடு வரவேற்கிறோம். பத்துக் கிலோமீட்டருக்குள் மூன்று கல்லூரிகளில் ஒரே ரகக் கருவி மூன்று, மூன்றும் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓடும் நிலை எவருக்கும் பயனில்லை.

விண்ணப்பம்

அறிவிப்பு வந்ததும் டி.எஸ்.டி.யின் இணையவழி விண்ணப்பத் தளத்தில் பதிவு செய்து, பதிவாளரின் ஒப்புதல் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். முதல் வடிகட்டலில் தேறினால் நிபுணர் குழு முன் விளக்கம். நடைமுறை இவ்வளவுதான். தோற்றுப்போகும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தோற்கின்றன. "இந்தக் கருவி பக்கத்தில் யாரிடம் இருக்கிறது? அங்கே ஏன் போகக் கூடாது?" என்று குழு கேட்கும். "எங்கள் மாணவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது" என்பது பதிலே ஆகாது.

கடந்த மூன்று வருடங்களில் துறையிலிருந்து வெளியே அனுப்பிய சாம்பிள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் காத்திருந்த நாள் எத்தனை, கட்டிய கட்டணம் எவ்வளவு என்று ஒரு பக்க அட்டவணை போதும். ரசீதுகளைப் புரட்டினால் ஒரு வாரத்தில் தயாராகிவிடும். கூடவே துறையில் ஏற்கெனவே இருக்கும் பெரிய கருவிகளின் பட்டியலும், ஒவ்வொன்றின் லாக் புத்தகத்திலிருந்து வருடாந்தர ஓட்ட நேரமும் கொடுங்கள். பழைய கருவி ஒன்று பழுதாகிக் கிடந்தால் மறைக்க வேண்டாம்; ஏன் கிடக்கிறது, என்ன செலவானால் எழும் என்று எழுதுங்கள். பழையதைக் கவனித்துக்கொள்ளும் துறையை நம்பித்தான் புதியதைக் கொடுப்பார்கள்.

எதைக் கேட்கக் கூடாது என்பதும் முக்கியம். மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தில் வைத்து அறியும் 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். கேட்கும் கல்லூரிகள் உண்டு. அதன் 9.4 டெஸ்லா காந்தம் 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவ ஹீலியத்தில் ராப்பகலாக மூழ்கி இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை திரவ நைட்ரஜன், சில மாதங்களுக்கு ஒரு முறை திரவ ஹீலியம். ஹீலியத்தை நம் நாடு இறக்குமதி செய்கிறது. ஒரு முறை நிரப்பத் தவறினால் காந்தம் குவென்ச் ஆகும், அதாவது மீக்கடத்தும் தன்மையை இழந்து செயலற்றுப்போகும். மறுபடி குளிர்வித்து உயிர் கொடுக்க லட்சக்கணக்கில் போகும். ஹீலியம் திரவமாக்கும் வசதி வளாகத்திலேயே உள்ள நிறுவனங்கள் தாங்கும். ஒரு கல்லூரி தாங்காது. கற்பித்தலுக்கு வேண்டும் என்றால் நிலைக் காந்தத்தில் ஓடும் 60 அல்லது 80 மெகாஹெர்ட்ஸ் மேசை என்.எம்.ஆர். போதும். ஆய்வுக்கு வேண்டும் என்றால், வெளியாரின் சாம்பிளையும் கட்டணத்துக்கு ஓட்டித் தரும் சாய்ஃப் மையங்களுக்கு அனுப்பலாம்: சென்னை ஐ.ஐ.டி., கொச்சி, தார்வாட் மூன்றும் தமிழகத்திலிருந்து எட்டும் தூரம்தான். ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர், ட்ரான்ஸ்மிஷன் எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆகியவற்றுக்கும் இதுவே எங்கள் ஆலோசனை. பவுடர் எக்ஸ்.ஆர்.டி., எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலைமானி), யூ.வி.-விசிபிள் நிறமாலைமானி, எச்.பி.எல்.சி. (கலவையைப் பிரித்துக் காட்டும் கருவி), டங்ஸ்டன் இழை எஸ்.இ.எம். (ஸ்கேனிங் எலெக்ட்ரான் நுண்ணோக்கி) போன்று தினமும் சாம்பிள் வரும் கருவிகளைத்தான் துறை சொந்தமாக வைத்திருக்க வேண்டும்.

விலைக் கணக்கு: முதல் சறுக்கல்

விண்ணப்பத்தில் எழுதும் தொகை ரூபாயில். கருவியின் விலையோ டாலரில், யூரோவில், யென்னில். விண்ணப்பம், விளக்கம், ஒப்புதல், முதல் தவணை, டெண்டர் என்று நகர்ந்து பர்சேஸ் ஆர்டர் போடும்போது இரண்டு மூன்று வருடங்கள் ஓடியிருக்கலாம்.

ஒரு லட்சம் டாலர் கருவி என்று வைத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் டாலர் சுமார் 75 ரூபாய். கருவி 75 லட்சம். அன்றைக்கு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான சலுகை ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; வரியோடு 78 லட்சத்து 75 ஆயிரம். அந்தச் சலுகை 2022 ஜூலை 18-ல் போய்விட்டது. இப்போது ஆய்வகக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 18 சதவீதம். 2025 தொடக்கத்தில் டாலர் 86-ஐத் தொட்டது. அதே கருவி 86 லட்சம், 18 சதவீத வரி 15 லட்சத்து 48 ஆயிரம், மொத்தம் 1 கோடியே 1 லட்சத்து 48 ஆயிரம். வித்தியாசம் 22 லட்சத்து 73 ஆயிரம். சுங்க வரியும் சரக்குக் கட்டணமும் இந்தக் கணக்கில் இல்லை. ஒதுக்கிய தொகையோ பழைய கொட்டேஷனின்படிதான் இருக்கும்.

அப்போது துறைகள் என்ன செய்கின்றன? வாரண்டியை ஒரு வருடமாகக் குறைக்கிறார்கள், கருவியைக் குளிர்விக்கும் தண்ணீர் எந்திரமான சில்லர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள், யூ.பி.எஸ்.ஸை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். கருவியின் ஆயுளை அங்கேயே வெட்டிவிடுகிறார்கள். இதற்கு மாற்று உண்டு. விவரக்குறிப்பை எழுதும்போதே அடிப்படைக் கருவி தனி, ஒவ்வொரு கூடுதல் இணைப்பும் தனி விலை என்று பிரித்துக் கேளுங்கள். எக்ஸ்.ஆர்.டி. என்றால் மெல்லிய படல இணைப்பு, உயர்வெப்ப மேடை, தானியங்கி சாம்பிள் மாற்றி எல்லாம் விருப்பப் பட்டியலில் இருக்கட்டும். பணம் பற்றவில்லை என்றால் வெட்ட வேண்டியது அவற்றை. சில்லர், யூ.பி.எஸ்., நீட்டித்த வாரண்டி மூன்றையும் அடிப்படைக் கருவியின் பகுதியாகவே வையுங்கள். அதைத் தொடவே கூடாது.

சுங்க வரிச் சலுகைக்கு, மத்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சித் துறை (டி.எஸ்.ஐ.ஆர்.) பல்கலைக்கழகத்துக்குத் தரும் பதிவுச் சான்று நடப்பில் இருக்க வேண்டும். பெட்டி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு சான்று காலாவதியானது தெரிந்தால், புதுப்பித்து வரும் வரை கிடங்கு வாடகையும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணமும் நாள் கணக்கில் ஏறும். அந்தச் செலவை எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது. டெண்டர் விடும் வாரத்திலேயே சான்றின் தேதியைப் பாருங்கள்.

டெண்டர்

மத்திய நிதி என்பதால் பொது நிதி விதிகள் (ஜி.எஃப்.ஆர்.) 2017 பொருந்தும். மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் நிதி அலுவலர் எடுத்து வைப்பார். இரண்டில் எதன்படி போவது என்பதைக் கோப்பில் முதல் பக்கத்திலேயே எழுத்தில் தீர்த்துக்கொள்ளாமல் டெண்டர் விட்டால், தணிக்கையில் தொல்லை நிச்சயம்.

2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் ஆராய்ச்சிக் கொள்முதலுக்குக் கொடுத்த தளர்வு உண்மையிலேயே நல்ல செய்தி. கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் உச்சவரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. பர்சேஸ் கமிட்டி வழியாக வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சத்துக்கு உயர்ந்தது. வரையறுக்கப்பட்ட டெண்டர் வரம்பு 50 லட்சத்திலிருந்து 1 கோடியானது. முன்பெல்லாம் 200 கோடிக்குக் கீழே உலகளாவிய டெண்டர் விட டெல்லி வரை ஒப்புதலுக்குப் போக வேண்டும். இப்போது துணைவேந்தரோ இயக்குநரோ அனுமதிக்கலாம். இந்தியாவில் தயாராகாத ஒரு கருவிக்கு ஆறு மாதம் காத்திருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். துணைவேந்தர் பதவி காலியாக இருந்து பொறுப்புக் குழு நிர்வாகம் நடத்தும் பல்கலைக்கழகங்களில் அந்த ஒப்புதலுக்கு யார் கையெழுத்திடுவது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தளர்வு தங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தும் என்ற குறிப்பும், உத்தரவின் நகலும் கோப்பில் இருக்கட்டும்.

விவரக்குறிப்பு எழுதுவதில் நடக்கும் தவறு ஊரறிந்தது: ஒரு கம்பெனியின் கையேட்டை அப்படியே எடுத்து ஒட்டுவது. எக்ஸ்.ஆர்.டி.யில் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரின் ஆரம் இத்தனை மில்லிமீட்டர்தான் என்று எழுதினால் மற்றவர்கள் எல்லாம் தொழில்நுட்பச் சுற்றிலேயே விழுவார்கள், ஒருவர் புகார் கொடுப்பார், டெண்டர் ரத்தாகும், ஒரு வருடம் போகும். உறுப்பின் அளவை விட்டுவிட்டு, வேண்டிய விளைவை எழுதுங்கள். "அமெரிக்காவின் தர அளவை நிறுவனமான நிஸ்ட்டின் 640 வரிசை சிலிக்கான் தரப் பொருளை வைத்து, முழு வீச்சிலும் உச்சியின் இடம் 0.02 டிகிரிக்குள் இருப்பதை எங்கள் அறையில், எங்கள் மின்சாரத்தில் காட்ட வேண்டும்" என்று எழுதினால் எந்தக் கம்பெனியும் வரலாம், தரம் குறைந்தது எதுவும் நுழைய முடியாது. தரப் பொருள் வாங்கும் செலவையும் டெண்டரிலேயே சேர்த்துவிடுங்கள்.

பராமரிப்பு ஒப்பந்தத்தின் விலையையும் இந்தக் கட்டத்தில்தான் வாங்க வேண்டும். உதிரிபாகமும் சேர்ந்த முழுப் பராமரிப்பு ஒப்பந்தம் (சி.எம்.சி.) வழக்கமாகக் கருவி விலையில் வருடத்துக்கு 5 முதல் 10 சதவீதம் வரை போகும். வாரண்டி முடிந்த பிறகு தனியாகப் பேசினால் அந்தக் கம்பெனி சொல்வதுதான் விலை, ஏனென்றால் வேறு எவரும் அந்தக் கருவியைத் தொட மாட்டார்கள். டெண்டரிலேயே நான்காம் வருடம் முதல் எட்டாம் வருடம் வரை ஆண்டுவாரியாக சி.எம்.சி. விலை கேட்டு, அதையும் கூட்டித்தான் மிகக் குறைந்த விலை யாருடையது என்று முடிவு செய்வோம் என்று அறிவித்துவிட்டால், போட்டி இருக்கும்போதே அந்த விலையும் இறங்கும். எங்கள் பார்வையில் கொள்முதல் முழுவதிலும் இதைவிடப் பயனுள்ள வரி இல்லை.

வாரண்டி இன்ஸ்டலேஷன் சான்றில் கையெழுத்தான நாளில் தொடங்க வேண்டும். கப்பலேறிய நாளில் இல்லை. பணத்தில் 90 சதவீதம் எல்.சி. என்ற வங்கி உறுதிக் கடிதம் வழியாக, மீதி 10 சதவீதம் இன்ஸ்டலேஷனும் பயிற்சியும் முடிந்த பிறகு. 3 முதல் 5 சதவீதப் பாதுகாப்பு உத்தரவாதம் வாரண்டி முடிந்து 60 நாள் வரை நடப்பில் இருக்க வேண்டும். இப்போதைய நிதி முறையில் பணம் பல்கலைக்கழகக் கணக்கில் வந்து உட்காருவதில்லை. செலவு வரம்பு மட்டும் தரப்படும், மார்ச் 31-க்குள் எடுக்காதது அடுத்த வருடத்துக்குத் தானாகப் போகாது. ஜனவரியில் டெண்டர் திறக்கும் துறை மார்ச்சில் திண்டாடும். செப்டம்பருக்குள் டெண்டர் திறக்கும்படி பின்னோக்கி நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

அறை, மின்சாரம், ஈரக் காற்று

பெட்டி வந்து இறங்கிய பிறகு அறை தேடும் துறைகள் இன்னும் இருக்கின்றன. ஆர்டர் போட்ட நாளிலிருந்து கருவி வர மூன்று நான்கு மாதமாகும். அந்த இடைவெளியில் சீரமைப்புப் பணம் செலவாகி, அறை தயாராகிவிட வேண்டும். எர்த்திங் தனிக் குழியில். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பொறியாளர் கருவியை இயக்காமலே திரும்பிப் போவார். எஸ்.இ.எம். என்றால் தரைத்தளம், லிஃப்ட்டும் மின்மாற்றியும் பருமனான மின்கேபிளும் பக்கத்தில் இல்லாத இடம். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் எலெக்ட்ரான் கற்றையை ஆட்டினால் படத்தில் விளிம்புகள் ரம்பப் பல்லாகத் தெரியும். எக்ஸ்.ஆர்.டி.க்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா தளத்தில் பதிவும் அனுமதியும் வேண்டும். இதைக் கருவி வந்த பிறகு தொடங்காதீர்கள்.

கடலோர மாவட்டங்களில் கருவிகளைக் கொல்வது முதலில் ஈரம்தான். எஃப்.டி.ஐ.ஆர்.-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் அதன் பீம்ஸ்ப்ளிட்டர் பொட்டாசியம் புரோமைடு தகடு. கிட்டத்தட்ட உப்புக்கட்டி, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேற்பரப்பு மங்கும். உள்ளே இருக்கும் உலர்த்திப் பெட்டியின் நிறங்காட்டி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். பல ஆய்வகங்களில் நடப்பது இது: மாலை ஐந்து மணிக்கு அலுவலக உதவியாளர் பூட்டிப் போகும்போது ஏ.சி.யையும் கருவியின் மெயின் சுவிட்சையும் சேர்த்தே அணைப்பார். சிக்கனம் என்று நினைத்துச் செய்வது. கருவி ஓடும்போது அதன் மின்சுற்றும் ஒளிமூலமும் தரும் இளஞ்சூடுதான் உள்ளே ஈரம் படியாமல் காக்கிறது. அதை அணைத்து, ஏ.சி.யையும் அணைத்து, இரவு முழுக்க 80 சதவீத ஈரக் காற்றில் விட்டால் இரண்டு மழைக்காலத்தில் தகடு பால்போல மங்கிவிடும். டிடெக்டருக்கு வந்து சேரும் ஒளியின் அளவைக் காட்டும் இன்டர்ஃபெரோகிராம் உச்சி மாதா மாதம் குறைந்துகொண்டே வரும். யாரும் குறித்து வைக்காததால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருநாள் ஸ்பெக்ட்ரம் முழுக்க இரைச்சலாக வரும்போது புதுத் தகடு வாங்க வேண்டியதுதான்.

தடுப்பதற்குச் செலவு அநேகமாக இல்லை. கருவியை அணைக்கவே வேண்டாம். அவ்வளவு சின்ன மின்செலவு. உலர்த்திப் பெட்டி ஒன்று கருவியில், ஒன்று அடுப்பில் உலர்ந்து தயாராக. உச்சியின் அளவைத் திங்கட்கிழமைதோறும் ஒரு நோட்டில் எழுதுங்கள். டெண்டரிலேயே ஜிங்க் செலினைடு தகடு கேட்கலாம், ஈரத்தைத் தாங்கும். ஆனால் சுமார் 500–600 அலையெண்ணுக்குக் கீழே அது பார்க்காது. உலோக ஆக்ஸைடு நுண்துகள் செய்யும் துறைக்குத் தேவையான உலோக–ஆக்ஸிஜன் பட்டைகள் அங்கேதான் இருக்கின்றன. அவர்கள் பொட்டாசியம் புரோமைடை வாங்கி, ஒழுங்காகக் காப்பாற்றத்தான் வேண்டும்.

எக்ஸ்.ஆர்.டி.யில் இதே ஈரம் வேறு வழியில் வருகிறது. 40 கிலோவோல்ட், 40 மில்லிஆம்பியர் என்றால் 1.6 கிலோவாட், அதில் கிட்டத்தட்ட முழுவதும் எக்ஸ்-கதிர் டியூப்பின் செப்பு இலக்கில் சூடாகிறது, சில்லர் தண்ணீர் அதை எடுத்துப் போகிறது. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் நல்லதுதானே என்று சில்லரை 15 டிகிரியில் வைப்பார்கள். அறை 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 17-க்கு அருகில். அதாவது 15 டிகிரித் தண்ணீர் ஓடும் குழாயிலும் டியூப் தலையிலும் வியர்க்கும். உயர் மின்னழுத்தம் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு போதும், டியூப் போய்விடும். ஏ.சி. நின்று அறை 30 டிகிரி, 75 சதவீதத்துக்குப் போனால் பனிப்புள்ளி 25 ஆகிவிடுகிறது. கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் பனிப்புள்ளிக்கு மேலே தண்ணீரை வையுங்கள். அறையில் ஒரு ஈரப்பதமானி மாட்டுங்கள், ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. சில்லரை அறைக்கு வெளியே நிறுத்துங்கள், இல்லையென்றால் அது கக்கும் சூட்டை உங்கள் ஏ.சி.யே மறுபடி இழுக்க வேண்டியிருக்கும். நீண்ட விடுமுறைக்குப் பிறகு டியூப்பை ஒரேயடியாக முழு அழுத்தத்துக்கு ஏற்ற வேண்டாம். படிப்படியாக ஏற்றும் கண்டிஷனிங் நடைமுறை கையேட்டில் இருக்கும்.

ஓட்டுவது யார்?

திட்டத்துக்கு மதிப்பெண்ணைக் குறைக்க வைக்கும் இடம் இதுதான். இயக்குபவருக்குச் சம்பளத் தலைப்பு இல்லை. அதனால் ஒரு பிஎச்.டி. மாணவர் கற்றுக்கொள்கிறார், மூன்று வருடம் ஊருக்கே ஓட்டித் தருகிறார், தன் ஆய்வேடு தள்ளிப்போகிறது, பிறகு முடித்துவிட்டுப் போகிறார். அவரோடு கருவியும் நிற்கிறது. அந்த மாணவரின் உழைப்பை இலவச வேலையாக எடுத்துக்கொள்வது அநியாயம். டி.எஸ்.டி. இதைச் சரிசெய்ய வேண்டும். ஒரு கருவிக்கு ஒரு தொழில்நுட்பப் பணியாளர், ஐந்து வருடத்துக்கு, அவ்வளவுதான் கேட்பது.

அதுவரை துறை செய்யக்கூடியது பயன்பாட்டுக் கட்டணத்தைக் காப்பாற்றுவது. 80 லட்சம் கருவிக்கு 6 சதவீத சி.எம்.சி. என்றால் 4 லட்சத்து 80 ஆயிரம், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 5 லட்சத்து 66 ஆயிரம். சாம்பிளுக்குச் சராசரியாக 500 ரூபாய் வந்தால் வருடத்துக்கு 1,133 சாம்பிள் ஓட வேண்டும். 220 வேலை நாளில் நாளுக்கு ஐந்து. பவுடர் எக்ஸ்.ஆர்.டி.யில் இது தாராளமாக முடியும். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் இந்தப் பணம் பொதுக் கணக்குக்குப் போய்விடுகிறது, டியூப் மாற்ற வேண்டிய அன்று துறையின் கையில் ஒன்றும் இருப்பதில்லை. கட்டண வருமானம் தனிக் கணக்கில் இருக்கும், பராமரிப்புக்கும் இயக்குபவரின் ஊதியத்துக்கும் மட்டுமே செலவாகும் என்ற உத்தரவை எப்போது வாங்குவது? விண்ணப்பத்தில் பதிவாளர் ஒப்புதல் கடிதம் கையெழுத்திடும் அன்று. பணம் வர வேண்டும் என்று எல்லோரும் விரும்பும் நாள் அது. கருவி வந்த பிறகு அதே உத்தரவைக் கேட்டால் கோப்பு நகராது.

கணக்கு முடிப்பதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று, செலவு அறிக்கை, சொத்துப் பதிவேடு. தலைப்பு மாற்றிச் செலவழித்தால் எழுத்தில் முன் அனுமதி வேண்டும். வருடா வருடம் ஏப்ரலிலேயே அனுப்பிவிட்டால் அடுத்த தவணை தாமதமாகக் காரணம் உங்களிடம் இருக்காது.

பொறியாளர் ஊர் திரும்பும் முன்

இன்ஸ்டலேஷன் சான்றில் கையெழுத்துப் போடும் வரைதான் கம்பெனி உங்கள் பேச்சைக் கேட்கும். கையெழுத்துக்கு முன் கருவியோடு வந்த கணினியின் வட்டை முழுமையாக கிளோன் எடுத்து, இரண்டாவது வட்டில் போட்டு, அந்த வட்டிலிருந்து கருவி இயங்குவதைக் கண்ணால் பாருங்கள். கருவி நன்றாக இருந்தும் ஐந்தாறு வருடப் பழைய கணினி செத்துப்போனதால் நின்றுபோன ஆய்வகங்கள் நிறைய. மென்பொருள் உரிமம், டாங்கிள் (கணினியில் செருகும் உரிமச் சாவி), நிர்வாகக் கடவுச்சொல் எல்லாம் இருவர் பொறுப்பில் இருக்கட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. அதில் ஓடும் கருவிக் கணினியை இணையத்தோடு இணைக்காமல், தரவை நடுவில் இன்னொரு கணினி வழியாக எடுங்கள்.

கடைசியாக, தர சிலிக்கானை வைத்து ஒரு முழு ஸ்கேன். கிலோவோல்ட், மில்லிஆம்பியர், பிளவு அகலம், ஸ்கேன் வேகம், அறை வெப்பம் எல்லாம் குறித்து, பொறியாளரின் கையெழுத்தோடு ஒரு நகலைக் கருவிப் பக்கத்திலேயே மாட்டிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே நிலையில் அதே ஸ்கேனை எடுத்து 28.4 டிகிரி உச்சியின் உயரத்தை ஒப்பிடுங்கள். எட்டாவது வருடம் புது டியூப் வேண்டும் என்று நிதி அலுவலரிடம் கேட்கப் போகும்போது, இந்த முதல் நாள் தாளும் அதற்கடுத்த முப்பது தாள்களும் கையில் இருக்க வேண்டும்.